செட்டு: மதுரை வழக்கில் ஓர் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைச் சுமப்பவை பெரும்பாலும் ஓரசைச் சிறு சொற்களே. அவற்றுள்ளும் ‘செட்’ என்பதற்குத் தனி இடம் உண்டு. 1989இல் இருபது தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்றது இச்சொல்லின் வினை வடிவம். அதற்கு ஏறத்தாழ 430 பொருட்பிரிவுகள் வகுக்கப்பட்டன. அண்மைக்காலத் திருத்தப் பணியில் 645 பொருள்களோடு ‘ரன்’ முந்திக்கொண்டது என்றாலும், பொருட்பெருக்கத்துக்கு எடுத்துக்காட்டாக ‘செட்’டைச் சுட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. இத்தனை பெரிய சொல் மதுரைக்கும் அதைச் சூழ்ந்த வைகைச் சமவெளிக்கும் வந்து சேர்ந்தபோது தன் பொருள்களில் பெரும்பகுதியைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தது. கதிரவன் சாய்வதையும், முறிந்த எலும்பைப் பொருத்துவதையும், உண்கலங்களை மேசையில் பரப்புவதையும் குறிக்க மதுரையில் எவரும் இச்சொல்லை ஆள்வதில்லை. வந்த சில பொருள்களோ இங்கே கிளைத்து, இங்கிலாந்தில் அறியப்படாத பயன்பாடுகளாக வளர்ந்துள்ளன. பெயர்ச்சொல்லாக நிற்கும்போது இவ்வழக்கு தமிழுக்கு ஒரு வசதியைத் தந்திருக்கிறது. வினையாக மாறும்போது தமிழின் நுண்மையான வினைகள் பலவற்றை ஓரங்கட்டியிருக்கிறது. கடன்சொல் என்ற ஒரே காரணத்தால் முழுவதையும் விலக்குவோரும், மக்கள் பேசுகிறார்கள் என்ற ஒரே காரணத்தால் முழுவதையும் ஏற்போரும் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

இச்சொல் தன் தாய்மொழியிலேயே இரு வேறு வேர்கள் ஒன்றாகக் கலந்தது. இருத்துதல், வைத்தல் என்னும் பொருளுடைய வினை ஆங்கிலத்தின் பழைய செர்மானிய அடியிலிருந்து வந்தது. தொகுதி, கூட்டம் என்னும் பொருளுடைய பெயரோ, ஒருவரைப் பின்தொடர்ந்து செல்லும் குழுவைக் குறித்த இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாகத் திரிந்து வந்ததாகும். சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்னும் சொல்லும் அதே வேரினது. ஒலி ஒத்துப்போனதால் இரண்டும் காலப்போக்கில் ஒரே சொல்லாக எண்ணப்பட்டன. மதுரைக்கு வந்த பின்னும் இதே கதை இன்னொரு முறை நிகழ்ந்தது.

தமிழ்ச் சொல் எதுவும் டகர மெய்யில் முடிவதில்லை. மொழிக்கு இறுதியில் வரும் மெய்களாகத் தொல்காப்பியம் பதினொன்றை மட்டுமே கூறுகிறது; அவற்றுள் வல்லின மெய் ஒன்றும் இல்லை. ஆகவே மதுரைப் பேச்சு ‘செட்’ என்பதன் இறுதி மெய்யை இரட்டித்து, அதனோடு குறுகி ஒலிக்கும் ஓர் உகரத்தைச் சேர்த்து, ‘செட்டு’ என ஆக்கிக்கொண்டது. இவ்வாறு குறுகும் உகரத்தை இலக்கணிகள் குற்றியலுகரம் என்பர். பட்டு, கட்டு, மெட்டு ஆகியவற்றின் ஈறும் இதுவே. அயற்சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைத்து ஏற்க வேண்டும் என்ற பழைய நெறியை இலக்கணம் படியாத உழவரும் மேளக்காரரும் கடைப்பிடிக்க, நாளிதழ்களும் விளம்பரப் பலகைகளும் ‘செட்’ என்று மொட்டையாக எழுதி அதை மீறுகின்றன. சங்கம் வைத்து மொழி வளர்த்த ஊர் என்று பெருமை பேசப்படும் இடத்தில் இலக்கணத்துக்கு நெருக்கமானவர் யார் என்ற கேள்விக்கு விடை சற்றுச் சங்கடமானதுதான்.

அந்த ஓசைத் தகவமைப்புக்கு ஒரு விலையும் உண்டு. கொட்டகையைக் குறிக்கும் ‘ஷெட்’ என்னும் வேறோர் ஆங்கிலச் சொல்லும் இதே வழியில் ‘செட்டு’ ஆகிவிட்டது. ஷகரம் பேச்சில் சகரமாகிறது. தமிழில் இரட்டித்த டகரம் எப்போதும் வல்லோசையே பெறுவதால் அச்சொல்லின் இறுதி மெல்லோசையும் மறைகிறது. தகரச் செட்டு, மாட்டுச் செட்டு, கார் செட்டு என்பன எல்லாம் கொட்டகைகள். மேளச் செட்டும் மைக்செட்டும் தொகுதிகள். ‘மோட்டார் செட்டுக்குப் போய்ட்டு வாரேன்’ என்று ஓர் உழவர் சொன்னால், அவர் எந்திரத்தைப் பார்க்கப் போகிறாரா, அது இருக்கும் அறைக்குப் போகிறாரா என்பதைச் சொல் காட்டாது. நடைமுறையில் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் குழப்பம் எழுவதில்லை என்பது உண்மையே. எனினும் எழுத்தில் பதிவு செய்யும்போது இவை இரு வேறு சொற்கள் என்பதை மறக்கலாகாது. வடநாட்டு வணிகரைக் குறிக்கும் ‘சேட்டு’ நெட்டெழுத்தின் துணையால் இக்கலப்பிலிருந்து தப்பியது.

இவற்றுக்கெல்லாம் முன்பே தமிழில் ஒரு ‘செட்டு’ இருந்தது. வணிகத்தையும் சிக்கனத்தையும் குறிக்கும் அச்சொல் செட்டி என்பதோடு உறவுடையது; குடும்பத்தைக் கட்டும் செட்டுமாக நடத்துதல் என்ற தொடரில் இன்றும் அது உயிரோடு உள்ளது. ஆக மதுரைத் தெருவில் ஒலிக்கும் ஒரே வடிவத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல்லும், ஒரு கொட்டகையும், ஏற்கெனவே இரண்டு வேர் கலந்த ஓர் ஆங்கிலச் சொல்லும் அடங்கியிருக்கின்றன.

பெயர்ச்சொல்லாக இதன் வலிமை மிகத் தெளிவாகப் புலப்படும் களம் கோயில் திருவிழாவாகும். பங்குனி, சித்திரை மாதங்களில் வாடிப்பட்டி, மேலூர், சோழவந்தான் வட்டாரங்களில் அம்மனுக்கும் கறுப்பனுக்கும் விழா எடுக்கும் ஊர்கள் கரகாட்டத்தையோ நையாண்டி மேளத்தையோ பேசி முடிப்பது செட்டுக் கணக்கில்தான். இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என வழக்கமாக அமையும் நையாண்டி மேளக் குழுவில் ஒரு கருவி வராமற்போனால் வந்தவர்களை மட்டும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கூலி பேச இயலாது. குழு முழுதாக நிற்கும்போதுதான் அது மேளம். இந்தப் பிரிக்கவியலா முழுமையையே செட்டு என்னும் சொல் குறிக்கிறது. ஒன்று குறைந்தாலும் மற்றவை பயனிழக்கும் என்ற இக்கருத்து, ‘குழு’ என்ற பொதுச்சொல்லில் இல்லை. ஐந்து பேரும் குழுதான், நான்கு பேரும் குழுதான்.

தமிழில் இதற்கு முன்பு சொல்லே இல்லையா என்று கேட்கலாம். சொற்கள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்கோ இடத்துக்கோ உரியதாக இருந்தது. நாதசுரக் குழுவைப் பெரிய மேளம் என்றும், ஆடற்குழுவைச் சின்ன மேளம் என்றும் பெயரிட்டபோது, கருவியின் பெயரே குழுவின் பெயராயிற்று. வடதமிழகத்துக் கூத்துக் குழு ‘ஜமா’ எனப்படும். அதுவும் அரபு மொழிக் கடன். வடமொழி வழி வந்த ‘கோஷ்டி’ பசனைக் குழுவையும் கச்சேரிக் குழுவையும் குறித்திருந்தது; அரசியலில் புகுந்த பின் அதில் உட்பகையின் நாற்றம் ஏறியது. ‘கோஷ்டி மோதல்’ என்பதைப் படித்துப் பழகிய காதுக்கு அச்சொல் இனி நடுநிலையாக ஒலிக்காது. ஆகவே தொழில் கடந்த, பழி ஒட்டாத ஒரு பொதுச்சொல்லுக்கான இடம் காலியாக இருந்தது. அதில் செட்டு அமர்ந்தது. தமிழ்ச் சொல் ஒன்றைத் துரத்திவிட்டு அது வந்து உட்காரவில்லை என்பதைத் தூய்மை பேசுவோர் கருதிப் பார்க்க வேண்டும்.

நாடகத் துறையில் இச்சொல்லின் பொருத்தம் இன்னும் நுட்பமானது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா, ஆசிரியரின் கீழ்ச் சிறுவர் தங்கிப் பயின்ற நிலையான அமைப்பு. அதுபோன்றவை சபா என்றும் கம்பெனி என்றும் பெயர் பெற்றன. பின்னர் மதுரை வட்டாரத்தில் வேரூன்றிய ஸ்பெஷல் நாடகத்திலோ ராசபார்ட்டும் பபூனும் ஆர்மோனியக்காரரும் தனித்தனியே ஒப்பந்தமாகி ஓரிரவுக்குக் கூடி விடியலில் பிரிகின்றனர். நிலையான உரிமையாளர் இல்லாத இக்கூடுகைக்குக் கம்பெனி என்ற பெயர் பொருந்தாது. பொருந்தும் பொருள்கள் ஓரிடத்தில் சேர்வதைக் குறிக்கும் செட்டே பொருந்தும்.

மைக்செட்டும் சீரியல் செட்டும் இதே வழியில் வந்தவை. ஒலிபெருக்கிக் குழாய், பெருக்கி, ஒலிவாங்கி, கம்பிச் சுருள் அனைத்தும் சேர்ந்தது மைக்செட். விழாப் பந்தலில் மாலைபோலத் தொங்கும் வண்ண விளக்குகள் சீரியல் செட். பின்னதில் ‘சீரியல்’ என்பது விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் இணைக்கும் தொடர்ச்சுற்று முறையைக் குறிக்கும் மின்துறைச் சொல். தொலைக்காட்சி நெடுந்தொடருக்கும் அதற்கும் வேர் ஒன்றே.

வைகைச் சமவெளியின் உழவு வரலாற்றில் பம்புசெட்டுக்குத் தனி அத்தியாயம் உண்டு. 1895இல் பெரியாறு அணை நீர் வைகைக்குத் திருப்பப்பட்ட பிறகு அவ்வாற்றின் பேரணைக்குக் கீழே கால்வாய்ப் பாசனம் விரிந்தது. கால்வாய் எட்டாத உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளும் கடைமடை நிலங்களும் கிணற்றையே நம்பியிருந்தன. அங்கே மாடு கட்டி நீர் இறைத்த அமைப்புக்குக் கமலை என்று பெயர். சால், வடம், உருளை, வால்கயிறு, தும்பி என அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் சொல் இருந்தது. முழுமைக்கும் ஒரு சொல் இருந்தது. மோட்டாரும் பம்பும் இணைந்த எந்திரம் வந்தபோது, முழுமையைக் குறிக்கும் சொல் விற்பனையாளரின் சரக்குப் பட்டியலிலிருந்து வந்தது. 1990இல் உழவர் அனைவருக்கும் கட்டணமில்லா மின்சாரம் அளிக்கப்பட்ட பின் அது ஊரெங்கும் பரவியது. அரசின் மானிய அறிவிப்புகளே இன்று ‘பம்புசெட்டு’ என்று எழுதுகின்றன. இச்சொல்லை மாற்ற முயல்வது வீண் வேலை. ஆனால் இதன் வரவால் உறுப்புகளின் பெயர்கள் அழிந்ததைக் குறையாகவே எண்ண வேண்டும். கமலையைப் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு அதன் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்திருந்தது. பம்புசெட்டின் உள்ளே இருப்பவை அனைத்தும் பெரும்பாலான உழவர்க்கு ‘செட்டு’ என்ற ஒரு சொல்லுக்குள் மூடப்பட்ட பொருள்கள். பழுதானால் மெக்கானிக் வாய்திறந்து சொல்வதே பெயர்.

உணவுக்கடையில் இச்சொல் எண்ணாகச் செயல்படுகிறது. பூரி ஒரு செட்டு என்றால் சில கடைகளில் இரண்டு, சில கடைகளில் மூன்று. பரோட்டாவுக்கும் அதே நிலை. வாடிக்கையாளருக்கு எண் தெரியாமலே விலை சொல்ல இது கடைக்காரருக்கு வசதி. அரசு ஆவணங்களில் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையை ‘இணை’ என்ற சொல்லால் எண்ணுகிறார்கள். நான்கு இணைச் சீருடை என்று எழுதும்போது மேற்சட்டையும் கீழாடையும் ஒன்றோடொன்று சேர்வது அச்சொல்லிலேயே விளங்குகிறது. இரண்டாக அமையும் எதற்கும் ‘இணை’ செட்டைவிடச் சிறந்த சொல். இரண்டுக்கு மேற்பட்டவற்றுக்குத்தான் அது உதவாது.

ஒத்த வயதினரையும் ஒரே ஆண்டில் படித்தவரையும் ‘எங்க செட்டு’ என்று குறிப்பது மதுரையில் பரவலான வழக்கு. ‘சேக்காளி’ என்ற வட்டாரச் சொல் தனியொரு நண்பனைக் குறிக்கிறது. செட்டு அந்த நண்பர்களின் வளையத்தைக் குறிக்கிறது. இலத்தீன் மூலத்தில் இருந்த பின்தொடரும் கூட்டம் என்ற பொருள் இங்கே ஏறத்தாழ மீண்டும் தோன்றியிருப்பது வியப்பு. இப்பயன்பாட்டின் மறுபக்கம் அவ்வளவு இனியதன்று. ‘அவன் வேற செட்டு’ என்ற தொடர், சூழலுக்கேற்பத் தெருவையோ, கட்சியையோ, சாதியையோ பெயர் சொல்லாமல் சுட்டிவிட்டுத் தப்பிக்க இடம் தருகிறது. நிறமற்ற சொல் என்பதே அதன் வசதி. அந்நிறமின்மையே பிரிவினையை நாகரிகமாகப் பேசவும் துணை நிற்கிறது.

இனி வினை வடிவம். தமிழ் அயல்மொழி வினையை அப்படியே வேராகக் கொண்டு காலம் காட்டும் இடைநிலைகளைச் சேர்ப்பதில்லை. அதைப் பெயராகக் கருதி, ‘ஆகு’ அல்லது ‘பண்ணு’ என்னும் வினையைத் துணையாகச் சேர்த்துக்கொள்கிறது. ‘செட் ஆகுது’ தன்வினை, அதாவது செயல் தானே நிகழ்வது. ‘செட் பண்ணு’ பிறவினை, அதாவது ஒருவர் செய்து முடிப்பது. ஆங்கிலம் ஒரே வடிவத்தில் கலந்து வைத்ததைத் தமிழ் இரண்டாகப் பிரித்தது இலக்கண நோக்கில் பாராட்டத்தக்கதே. அலாரம் வைப்பதற்கும், கட்டுமானத்தில் சிமெண்டுக் கலவை இறுகுவதற்கும் இவ்வடிவங்கள் தொழிற்சொல்லாக வழங்குவதில் பெரிய இழப்பு ஏதுமில்லை.

‘செட் ஆகாது’ என்ற எதிர்மறையில்தான் நிலைமை மாறுகிறது. ஒன்று மற்றொன்றோடு இயையாமையைச் சொல்ல மதுரைத் தமிழில் ஒரு முழு வரிசை இருந்தது. உணவு உடலுக்கு ஏற்காவிட்டால் ‘சேராது’. விலை கைக்கு எட்டாவிட்டால் ‘கட்டுப்படியாகாது’. நேரமும் இடமும் இசையாவிட்டால் ‘தோதுப்படாது’. இருவர் குணம் மோதினால் ‘ஒத்துவராது’. ஒரு வேலைக்கு ஆள் தகாவிட்டால் ‘சரிப்பட்டு வரமாட்டான்’. நிறம் உடம்புக்கு அழகு தராவிட்டால் ‘எடுப்பா இல்ல’. சம்பந்தம் தட்டிப்போனால் ‘கூடி வரல’. ஒவ்வொரு சொல்லும் மறுப்போடு காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடும். ‘அந்த வீடு கட்டுப்படியாகாது’ என்று கேட்பவர் வாடகையைக் குறைத்துப் பேசலாம். ‘தோதுப்படாது’ என்று கேட்டால் வேறு தெருவில் வீடு காட்டலாம். ‘அந்த வீடு செட் ஆகாது’ என்றாலோ தரகருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. ஏன் என்று திரும்பக் கேட்க வேண்டும். ஒரு சொல் ஏழு சொற்களின் வேலையைச் செய்கிறது என்று இதைப் புகழ்வோர் உண்டு. ஆனால் ஏழில் எது என்ற செய்தியை விழுங்கிவிட்டே அது அவ்வேலையைச் செய்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லப்படுவதுண்டு: காரணத்தை மறைப்பதே சில வேளைகளில் பண்பாடு. பெண் வீட்டார் வரனை மறுக்கும்போது ‘செட் ஆகல’ என்றால் எவர் மனமும் புண்படாது. மறுத்தவர் யார் என்பதே ‘ஆகு’ என்னும் தன்வினையில் மறைந்துவிடும். இம்மறுப்பில் நியாயம் உண்டு எனினும், அதே மென்மை ‘கூடி வரல’ என்பதிலும் ‘அமையல’ என்பதிலும் ஏற்கெனவே இருந்தது. அவையும் தன்வினைகளே, அவையும் எவர்மீதும் பழி சுமத்தாமல், நேரத்தின் மீதும் விதியின் மீதும் பாரத்தை ஏற்றி வைத்தன. மென்மைக்காக ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஒரு பயன்பாட்டில் மட்டும் வினை வடிவம் உண்மையான பயன் தருகிறது. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கியதை இளையோர் ‘செட் ஆயிருச்சு’ என்கின்றனர். இதே உறவுக்குப் பழைய வழக்கில் இருந்த ‘தொடுப்பு’ போன்ற சொற்கள் கேட்ட மாத்திரத்தில் பழியை ஏற்றுபவை. செட் அப்பழியை நீக்கிப் பேச இடம் தந்தது. அதன் உடன்பிறப்பான ‘செட்டப்’போ நேர்மாறான திசையில் சென்றது. ஏற்பாடு என்ற ஆங்கிலப் பொருளிலிருந்து நழுவி, அது ஜோடனையையும் பொய் நாடகத்தையும் குறித்து, அங்கிருந்து மணமாகாமல் ஒருவரோடு வாழும் பெண்ணை ஒரு பொருளைப்போலச் சுட்டும் இழிசொல்லாகவும் ஆகிவிட்டது. ஆணைச் சுட்ட அச்சொல் பயன்படுவதில்லை என்பதே அதன் குணத்தைக் காட்டப் போதும்.

கலைச்சொல் உலகில் இச்சொல்லுக்கு எதிரான முயற்சி வேறு விதமாக முடிந்தது. கணிதத்தில் செட் என்பது நன்கு வரையறுக்கப்பட்ட உறுப்புகளின் தொகுப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதைக் ‘கணம்’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்றும் வழங்குகின்றன. நொடிப்பொழுது என்னும் பொருளும் கணத்துக்கு உண்டு என்பதால் மாணவர் தடுமாற இடமுண்டு. பூ தொடுத்தலை நினைவூட்டும் தொடை உருவத்தால் அழகியது, ஆனால் தமிழ்நாட்டு மாணவருக்குக் காலின் மேற்பகுதியையும் யாப்பிலக்கணத்தையும் நினைவூட்டும். குறைகள் இருந்தும் இரண்டும் வகுப்பறையில் நிலைபெற்றுவிட்டன, ஏனெனில் அவை ஒரே ஒரு பொருளுக்கு மட்டுமே வந்தன. கல்லூரி ஆசிரியர் பணிக்கான மாநிலத் தகுதித் தேர்வோ ஆங்கில முதலெழுத்துகளின் சேர்க்கையால் ‘செட் தேர்வு’ ஆகி, இப்பட்டியலில் எந்த உறவும் இல்லாத இன்னொரு செட்டாக நுழைந்துவிட்டது.

அயற்சொல்லை விலக்கும் மரபுக்கு மதுரையோடு நெருங்கிய உறவு உண்டு. மதுரைக்கு அருகே விளாச்சேரியில் 1870இல் பிறந்த பரிதிமாற் கலைஞர் தம் வடமொழிப் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். 1901இல் பாண்டித்துரைத் தேவர் இந்நகரில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். 1916இல் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். இம்மரபு வடமொழிச் சொற்களின் செறிவை எழுத்துத் தமிழில் குறைத்தது பெரிய சாதனை. ஆயினும் அதன் கருவி பட்டியல்: ஓர் அயற்சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல். செட் போன்ற சொல்லின் முன்னே அக்கருவி மழுங்குகிறது. ‘தொகுதி’ என்று எதிரே எழுதினால் மேளத்துக்குப் பாதி பொருந்தும், ‘ஆகாது’ என்பதோடு சேர்ந்தால் சிறிதும் பொருந்தாது. மறுபுறம், வட்டார வழக்கைத் தொகுக்கும் இன்றைய ஆர்வலர்கள் மண்வாசனைச் சொற்களையே தேடுவதால், அதே உழவரின் வாயில் நாள்தோறும் ஒலிக்கும் செட்டைப் பதிவு செய்யாமல் கடந்து போகின்றனர்.

அகராதியாளர் செய்ய வேண்டுவது இவ்விரண்டிலிருந்தும் வேறானது. சிக்கனத்தைக் குறிக்கும் தமிழ்ச் செட்டு, கொட்டகைச் செட்டு, தொகுதிச் செட்டு ஆகியவற்றை மூன்று தனித் தலைச்சொற்களாக, மூலத்தோடு பிரித்துத் தர வேண்டும். தொகுதிச் செட்டின் கீழ் மேளம், ஒலிபெருக்கி, பாசனம், உணவு, நட்பு என்ற களங்களைக் குறிக்க வேண்டும். ‘செட் ஆகு’ என்ற பதிவில் பொருள் விளக்கத்தோடு நில்லாமல், அது இடம்பிடித்துக்கொண்ட சேர், கட்டுப்படியாகு, தோதுப்படு, ஒத்துவா, கூடிவா ஆகிய வினைகளைச் சூழல் வேறுபாட்டோடு அங்கேயே வரிசைப்படுத்த வேண்டும். பள்ளி மொழிப்பாடத்தில் பிறமொழிச் சொல்லைச் சுட்டி நீக்கச் சொல்லும் பயிற்சிக்குப் பதிலாக, ‘செட் ஆகாது’ என முடியும் ஐந்து வாக்கியங்களைக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வினையை எழுதச் சொன்னால், மதுரைப் பிள்ளைகளில் பலர் வீட்டுப் பாட்டியிடம் கேட்டே விடை கொண்டுவர வேண்டியிருக்கும்.